சத்தம் ஏன் பிந்தி வருகுது? – ஒரு கலியாண வீடியோவுக்குள் இருக்கிற வரலாறு

கரவெட்டியில ஒரு குடும்பத்தின் முப்பது வருட வீடியோக்களைச் சேர்த்து ஒரு மணித்தியாலப் படமாக வெட்டித் தாங்கோ என்று யாரும் கேட்டால், எங்கட வயதுப் பெடியன் பெட்டையள் யோசிக்காமல் ஓம் சொல்லிவிடுவோம். லப்டொப் இருக்கு, எடிட்டிங் மென்பொருள் இருக்கு, வேறென்ன வேணும்? ஃபைல்களை டைம்லைனில் போட்ட பிறகுதான் தலையிடி தொடங்கும். ரொறொன்ரோவில் நடந்த பெரியக்காவின் கலியாணத்தில் ஐயர் வாயசைத்து முடித்த பிறகு மந்திரம் கேட்கும். பாரிஸிலிருந்து வந்த பிறந்தநாள் கசற் கறுப்பு வெள்ளையில் ஓடும். ஊரில் எடுத்த தேர்த் திருவிழாவில் சனம் அசையும்போதெல்லாம் சீப்புப் பல்லு மாதிரிக் கோடு விழும். சாமத்திய வீட்டு வீடியோவின் பழைய எடிட்டிங் ஃபைலைத் திறந்தால் பிள்ளையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பை. போன மாதம் ஃபோனில் எடுத்தது கூட விக்கி விக்கித்தான் ஓடும்.

இப்படியான ஃபைல்களோடு எங்கள் குழு கொஞ்சக் காலமாக இருந்து பார்த்ததில் ஒன்று விளங்கியது. இதுகளை நாங்கள் 'கொம்பியூட்டர் பிழை' என்று சொல்கிறோம். ஆனால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வருடம் ஏதோ ஒரு நாட்டில் யாரோ எடுத்த முடிவின் விளைவு. அந்த முடிவு என்னவென்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் பொத்தான்களை மாறி மாறி அமத்தினால் இருக்கிற ஒரே கொப்பியையும் பழுதாக்கிவிடலாம். எங்களுக்கு இது மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடத் தேவை. ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் உலகத்தின் மூன்று தொலைக்காட்சி முறைகளுக்குள்ளும் சிதறிப் போன சமூகம் எங்கட.

மின்சாரம் போட்ட கணக்கு

முதலில் அமெரிக்கா. அங்கே வீட்டு மின்சாரம் ஒரு செக்கனுக்கு 60 தடவை ஊசலாடும். தொலைக்காட்சிப் படத்தின் வேகம் மின்சாரத்தின் வேகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் திரையில் பட்டை ஊரும். அதனால் 1941இல் வகுத்த என்ரிஎஸ்சி முறையில் ஒரு செக்கனுக்கு 30 படம், ஒவ்வொரு படமும் இரண்டு அரைப் படமாக, மொத்தம் 60 அரைப் படம் என்று வைத்தார்கள். 1953இல் நிறம் வந்தபோது, நிறத்துக்கான சைகையும் ஒலிக்கான சைகையும் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். 30 என்பது 29.97 ஆனது. அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு இன்றைக்கும் எங்கட டைம்லைனில் நின்று கழுத்தறுக்கிறது.

ஐரோப்பாவில் மின்சாரம் 50 தடவை. ஆகவே செக்கனுக்கு 25 படம், 625 கோடு. நிறத்துக்கு ஜேர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் என்ற பொறியியலாளர் 1960களின் தொடக்கத்தில் பால் முறையை உருவாக்கினார். ஒரு கோடு விட்டு ஒரு கோட்டில் நிறச் சைகையைப் புரட்டிப் போட்டு, வழியில் வந்த பிழையை அதுவே சமன் செய்கிற மாதிரியான யோசனை. பிரான்ஸ் தன் வழியில் போனது. ஹென்றி து பிரான்ஸ் என்பவர் உருவாக்கிய செகாம் முறையில், நிறத்தின் இரண்டு தகவல்களும் ஒரு கோட்டில் ஒன்று, அடுத்த கோட்டில் மற்றது என்று முறை வைத்துப் போகும். 1967இல் பிரித்தானியாவும் மேற்கு ஜேர்மனியும் பாலிலும், பிரான்ஸ் செகாமிலும் நிற ஒளிபரப்பைத் தொடங்கின.

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979 ஏப்ரலில், ஐரிஎன்னோடு. 1982 பெப்ரவரியில் ரூபவாகினி. ரூபவாகினியை நன்கொடையாகக் கட்டித் தந்தது ஜப்பான். ஜப்பானோ என்ரிஎஸ்சி நாடு. ஆனால் எங்கட மின்சாரம் 50 தடவை என்பதால் இங்கே பால் முறைதான்.

அதற்கடுத்த வருடம் 1983. அதன் பிறகு எங்கட ஆட்கள் எங்கெங்கே போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். லண்டனுக்குப் போனவர்களும் ஜேர்மனிக்குப் போனவர்களும் பாலுக்குள் போனார்கள். பாரிஸுக்குப் போனவர்கள் செகாமுக்குள். ரொறொன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் போனவர்கள் என்ரிஎஸ்சிக்குள். விசா எடுத்தபோது ஒருவரும் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

கசற் கடந்த கடல்

ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ் கசற்றை 1976இல் ஜப்பானில் வெளியிட்டது. பெட்டி எல்லா நாட்டிலும் ஒன்றுதான், டெக்குக்குள் ஒழுங்காகப் போகும். ஆனால் உள்ளே பதிந்திருக்கிற முறை வேறு. செகாம் கசற்றைப் பால் டெக்கில் போட்டால் படம் வரும், நிறம் வராது. என்ரிஎஸ்சி கசற்றைப் பாலுக்கு மட்டுமான டெக்கில் போட்டால் படம் உருண்டு உருண்டு ஓடும். மூன்றையும் ஓட்டுகிற 'மல்ரி சிஸ்ரம்' டெக் இருந்த வீடும் கடையும் அந்தக் காலத்தில் பெரிய இடம்.

டெக் இருந்தும் காணாது. 1990இல் போர் திரும்பத் தொடங்கிய பிறகு குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எரிபொருளும் பற்றரியும் தடைசெய்த பொருட்களின் பட்டியலில். சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட காலம் அது. அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கலியாணக் கசற்றைப் பார்ப்பதென்றால் ஜெனரேட்டர் பிடிக்க வேணும், மண்ணெண்ணெய் தேட வேணும், டெக் உள்ளவரைக் கேட்க வேணும். தாலி கட்டும்போது பக்கத்தில் நிற்க முடியாத தாய்க்கு அந்த மூன்று மணித்தியாலம்தான் கலியாணம்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்துச் சனம் வடமராட்சிக்கும் தென்மராட்சிக்கும் நடந்து வந்தபோது, கையில் எடுக்கக்கூடியது கொஞ்சம். அல்பமும் கசற்றும் விட்டுவந்த வீட்டோடு போன குடும்பங்கள் பல. ஊரில் எடுத்த ஒரு வீடியோ இன்றைக்கு மிஞ்சியிருக்கிறது என்றால், அது யாரோ ஒரு மாமிக்கு அனுப்பி, அங்கே கனடா முறைக்கு மாற்றிப் பதிந்த கொப்பியாக இருக்கலாம். இப்படி இருக்கிற ஒரே கொப்பிதான் எங்கட டைம்லைனுக்கு வருகிறது. ஆகவே அதைத் திருத்துவது வடிவுக்கான வேலை மட்டும் இல்லை.

இதனால் ஒரு நடைமுறைப் பாடம். கசற்றைக் கொம்பியூட்டருக்குள் ஏற்றுவதற்கு முதல், அது எந்த முறை என்று பார்த்து, கப்சர் கருவியையும் அதே முறைக்கு வையுங்கோ. பால் என்று வைத்துவிட்டு என்ரிஎஸ்சி கசற்றை ஏற்றினால் நிறம் போன, உருளுகிற படம்தான் ஃபைலாகும். பிறகு எந்த மென்பொருளாலும் நிறத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதேபோல, ஊரில் எடுத்த மூலக் கசற்றும் கனடாவில் மாற்றிய கொப்பியும் இரண்டும் கிடைத்தால் மூலத்தையே எடுங்கோ. 25 படத்தை 29.97 ஆக மாற்றும்போது இல்லாத படங்களை இட்டுக்கட்டுவார்கள். இரண்டு படம் ஒன்றன் மேல் ஒன்றாக ஆவி மாதிரித் தெரிவது அதனால்தான்.

ஐயரின் மந்திரம் ஏன் பிந்துகிறது

சத்தமும் படமும் பொருந்தாததுதான் ஆகக்கூடிய முறைப்பாடு. இதற்கு மூன்று வேறு வியாதி இருக்கிறது, மருந்தும் வேறு வேறு. வீடியோவின் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் கை தட்டுகிற, மேளம் அடிக்கிற இடங்களைப் பார்த்தால் எது என்று பிடிபடும்.

முதலாவது, தொடக்கத்திலிருந்து கடைசி வரை பிந்துகிற அளவு ஒன்றேதான். அப்படியென்றால் ஒலியைப் பிரித்து அந்தளவுக்கு முன்னால் நகர்த்தினால் சரி.

இரண்டாவது, தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக ஒரே சீராகக் கூடுகிறது. இங்கே வேகக் கணக்குப் பிழைத்திருக்கிறது. 29.97 வீடியோவை யாரோ 30 என்று வாசித்து, ஒலியை மட்டும் அதன் வேகத்திலேயே விட்டிருந்தால், ஒரு மணித்தியாலத்தில் 3.6 செக்கன் விலகும். 1953இல் குறைத்த அந்த ஆயிரத்தில் ஒரு பங்குதான் இது. ஃபைலின் தன்மைகளுக்குப் போய், இதை 29.97 ஆகவே வாசி என்று மென்பொருளுக்குச் சொன்னால் தீரும். விலகல் இதைவிட மிகப் பெரிதென்றால் ஒலியின் மாதிரி வீதத்தைப் பாருங்கோ. இசைத்தட்டுக்கு 44,100, வீடியோவுக்கு 48,000. இந்த 44,100 என்ற விநோதமான எண்ணும் வீடியோவிலிருந்து வந்ததுதான். ஆரம்பத்தில் எண்ணிம ஒலியை வீடியோ நாடாவில்தான் பதிந்தார்கள். ஒரு கோட்டில் 3 மாதிரி, ஓர் அரைப் படத்தில் பயன்படக்கூடிய 245 கோடு, செக்கனுக்கு 60 அரைப் படம், பெருக்கிப் பாருங்கோ. ஐரோப்பியக் கணக்கில் 3, 294, 50. விடை அதேதான்.

மூன்றாவது, விலகல் சீராகக் கூடாமல் திடீர் திடீரென்று பாய்கிறது. பழைய விஎச்எஸ் நாடாவின் சைகை ஆட்டம் காணும்போது கப்சர் கருவி சில படங்களை விட்டுவிடும், ஒலி நிற்காமல் ஓடும். விடுபட்ட ஒவ்வோர் இடத்திலும் விலகல் ஒரு படி ஏறும். இதை டைம்லைனில் திருத்துவதென்றால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் வெட்டிப் பொருத்த வேணும். கசற் இன்னும் இருந்தால், டெக்குக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவே சைகையை நேராக்குகிற கருவி ஒன்றை வைத்துத் திரும்ப ஏற்றுவதுதான் நல்லது.

இன்னொரு சுவாரசியமும் இருக்கிறது. சினிமாப் படம் செக்கனுக்கு 24. பால் தொலைக்காட்சிக்கு 25 வேணும். பெரும்பாலும் படத்தை நான்கு வீதம் வேகமாக ஓட்டிவிட்டார்கள். இரண்டரை மணித்தியாலப் படம் ஆறு நிமிடம் குறைந்துவிடும், பாட்டின் சுருதியும் கொஞ்சம் ஏறிவிடும். கலியாண வீடியோவில் இருக்கிற சினிமாப் பாட்டை இன்றைய நல்ல ஒலிப்பதிவால் மாற்றப் போனால் சில நேரம் பொருந்தாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சீப்புப் பல்லும் ரியூப் லைற்றும்

ஒரு படத்தை இரண்டு அரைப் படமாகப் பிரித்தார்கள் என்று சொன்னோம் அல்லவா? ஒன்றில் ஒற்றைக் கோடுகள், மற்றதில் இரட்டைக் கோடுகள். இரண்டும் வேறு வேறு கணத்தில் எடுத்தவை. பழைய குண்டு ரிவியில் இது தெரியாது. இன்றைய திரை முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் காட்டுவதால் அசைகிற தேர் சீப்பாகத் தெரிகிறது. 'டீஇன்ரலேஸ்' செய்தால் போய்விடும். ஆனால் எந்த அரைப் படம் முதல் என்பதைச் சரியாகச் சொல்ல வேணும். மினிடிவி கமராக்களில் கீழ் அரை முதல். மற்றவற்றில் பெரும்பாலும் மேல் அரை. மாறிச் சொன்னால் தேர் முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வந்து நடுங்கும். படத்தின் அளவைச் சுருக்கிப் பெருக்குவதற்கு முதலே இதைச் செய்துவிட வேணும். இல்லாட்டிச் சீப்புப் பல்லு படத்தோடு குழைந்துவிடும், பிறகு பிரிக்க ஏலாது.

கனடாவிலிருந்து வந்த மாமா தன் கமராவால் இங்கே மண்டபத்துக்குள் எடுத்த வீடியோ மினுங்குகிறதா? கமரா 60 கணக்கில் ஓட, ரியூப் லைற் 50 கணக்கில் துடிக்கிறது. இன்றைக்கு ஃபோனிலும் இதே சிக்கல்தான். செக்கனுக்கு 25 படம், சட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்து எடுத்தால் இங்கத்தைய வெளிச்சத்தில் மினுங்காது.

கொம்பியூட்டர் வந்த பிறகு

1995இல் மினிடிவி வந்தது. இனிப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள். தீரவில்லை, இடம் மாறியது. ஒரு மணித்தியால டிவி வீடியோ ஏறத்தாழ 13 ஜிபி. அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்குகளில் பல, 1996இல் வந்த ஃபற் 32 முறையில் இருந்தன. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால்தான் பழைய டிஸ்க்கில் இருக்கிற கலியாணம் இருபது நிமிடத் துண்டுகளாகக் கிடக்கிறது. தாலி கட்டு நடுவில் நின்றுவிட்டால் பதறாதேங்கோ, அடுத்த துண்டைத் தேடுங்கோ. டிவிடியிலும் இப்படித்தான், ஒவ்வொரு ஜிபிக்கும் ஒரு துண்டு. அவற்றைத் தனித்தனியாக டைம்லைனில் வைத்தால் ஒட்டுகிற இடத்தில் ஒலி வெட்டுப்படும். முதலில் ஒன்றாகக் கோத்துவிட்டுப் பிறகு உள்ளே எடுங்கோ.

எழுத்துக் குப்பைக்கு வருவோம். 2000களில் இங்கே தலைப்புப் போட்டவர்கள் பாவித்தது பெரும்பாலும் பாமினி. அது உண்மையில் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் உருவங்களை ஒட்டிய எழுத்துரு. எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் உள்ளே இருந்த ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். பாமினியை நிறுவினால் பெயர் திரும்ப வரும். பிறகு அதை யூனிகோடுக்கு மாற்றி எழுதிவிடுங்கோ. யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பிடித்துவிட்டது. ஆனால் எடிட்டிங் மென்பொருள்கள் கொம்பையும் கொக்கியையும் ஒழுங்காக வைக்கப் பழகக் கனகாலம் எடுத்தது. இன்றைக்கும் பிரீமியர் புரோவில் எழுத்துப் பொறியைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றாவிட்டால் 'கொ' உடைந்துபோய் நிற்கும்.

இப்ப ஃபோன் காலம். ஃபோன் சீராக 30 படம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால், சூடேறினால் வேகத்தை மாற்றிவிடும். எடிட்டிங் மென்பொருளோ சீரான வேகத்தை எதிர்பார்க்கிறது. சத்தம் விலகுகிற இன்றைய ஃபைல்களுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். ஹான்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட் பண்ணுங்கோ. விக்கி ஓடுவதற்குக் காரணம் வேறு. 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265 இரண்டும் சில முழுப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, இடையில் மாறினதை மட்டும் எழுதிவைப்பவை. நடுவில் ஒரு படத்தைக் காட்ட, மென்பொருள் முன்னும் பின்னும் போய்க் கணக்குப் போட வேணும். பழைய லப்டொப் களைத்துவிடும். சிறிய 'புரொக்சி' கொப்பி செய்து அதில் வெட்டி, கடைசியில் மூலத்தை இணைத்து வெளியே எடுங்கோ.

பற்றரி செத்து நடுவில் நின்ற எம்பி4 ஃபைல் திறக்காவிட்டாலும் அழித்துவிடாதேங்கோ. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கமரா கடைசியில்தான் எழுதும். அட்டவணை இல்லை, படம் இருக்கிறது. அதே கமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றைக் காட்டி மீட்கிற 'அன்ட்ரங்க்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. எப்பவும் வெற்றி இல்லை, ஆனால் முயற்சி செய்யலாம்.

செய்யவேண்டிய ஒழுங்கு

எல்லாத்துக்கும் முதல், வந்த ஃபைலை அப்படியே இரண்டு இடத்தில் கொப்பி எடுத்து வையுங்கோ. அதில் கை வைக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதேங்கோ, அது வழியிலேயே சுருக்கிவிடும். பிறகு மீடியாஇன்ஃபோவில் திறந்து வேகம், அளவு, அரைப் படமா முழுப் படமா, ஒலியின் வீதம் இவ்வளவையும் எழுதிக்கொள்ளுங்கோ. அதைப் பார்த்தாலே எந்த நாட்டில், எந்தக் காலத்தில் பிறந்த ஃபைல் என்று தெரியும். 25ம் 576 கோடும் என்றால் லண்டன் அல்லது ஊர், 29.97ம் 480ம் என்றால் கனடா. அதன் பிறகே எடிட்டிங்.

கசற் கையில் இருந்தால் நேரம் குறைவு. வெள்ளைப் பூஞ்சணம் தெரிகிற நாடாவை டெக்கில் போடாதேங்கோ, டெக்கும் கெடும், அடுத்த கசற்றும் கெடும். ஓட்டுவதற்கு டெக்கும் இனிக் கிடைப்பது கடினம். கடைசியாக விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. காந்த நாடாவில் இருப்பதை 2025க்குள் மாற்றாவிட்டால் பெரும்பகுதி போய்விடும் என்று அவுஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது. அது குளிரூட்டிய அறையில் வைத்த நாடாக்களையும் சேர்த்துச் சொன்ன கணக்கு. எங்கட நாடாக்கள் இருப்பது அலுமாரிக்கு மேலே, ஓட்டுக்குக் கீழே.

கலியாண வீடியோ எப்படி வரலாறாகும் என்று சிலர் கேட்கிறார்கள். கரவெட்டியில் பிறந்த கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவைச் சமூகத்தையும் அரசியலையும் வாசிக்கிற ஆவணமாக எடுத்துக்கொண்டவர். வெகுசனம் பார்க்கிற சினிமாவை அப்படி வாசிக்கலாம் என்றால், சனம் தன்னையே எடுத்துவைத்த வீடியோவை ஏன் வாசிக்கக் கூடாது? பந்தலுக்குப் பின்னால் தெரிகிற வீடு இன்றைக்கு இல்லை. மணவறைக்குப் பக்கத்தில் நிற்கிற ஆட்களில் பாதிப்பேர் ஊரில் இல்லை. யார் முன்வரிசையில் இருந்தார்கள், யார் பந்திக்குப் பிந்தி வந்தார்கள், யார் கமராவுக்குள்ளேயே வரவில்லை என்பதும் அதில் பதிந்திருக்கிறது. சாதியைப் பற்றி எழுத்தில் எழுதாத ஊர், கமராவுக்கு முன்னால் அதை மறைக்க மறந்துவிட்டது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நாங்கள் ஒவ்வொரு வருடமும் நினைவுகூருகிறோம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சில் இருந்ததை எண்ணிம வடிவில் காத்துவருகிறது. ஒலி, ஒளிப் பதிவுகளையும் சேர்க்கிறது. ஆனால் எங்கட வீட்டு அலுமாரியைத் திறக்க வேண்டியது நாங்கள்தான். ஏற்றிய ஃபைலுக்கு 'வீடியோ 1, வீடியோ 2' என்று பெயர் வைக்காமல், வருடம், ஊர், நிகழ்வு, யார் எடுத்தது என்று வையுங்கோ. பிறகு அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்தி ஒருக்கால் ஓட்டிக் காட்டி, திரையில் நிற்கிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கோ. பிந்துகிற சத்தத்தை அடுத்த வருடமும் திருத்தலாம். அந்தப் பெயர்களைச் சொல்ல அடுத்த வருடம் ஆள் இருக்க வேணும்.